பட்டியலில் தங்காத சொற்கள்

நாகர்கோவிலில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் பையில் பெரும்பாலும் ஒரு சொற்பட்டியல் இருக்கும். யாரோ தொகுத்து, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டு வாங்கிய தொகுப்பு அது. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள் என்று அகரவரிசையில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் நீளும். முதல் சில பக்கங்கள் விரல் பட்டுப் பழுப்பேறியிருக்கும். நடுப்பகுதியைத் தாண்டினால் தாள் புத்தம் புதிதாகவே இருக்கும். 'அபேட்', 'அப்ஹார்', 'அப்ஜூர்' என்று தொடக்கத்தில் உள்ளவற்றைக் கேட்டால் பதில் வரும், அதிலும் இரண்டு மூன்று மாறிப்போகும். இந்தப் பிள்ளைகளின் உழைப்பில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. தகப்பனார் ரப்பர் வெட்டுக்குக் கிளம்பும் இருட்டு நேரத்திலேயே எழுந்து விளக்கைப் போட்டுப் படிப்பவர்கள் அவர்கள். அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட முறையைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

மத்திய அரசுப் பணிகளுக்காகப் பணியாளர் தேர்வாணையம் பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வையே எடுத்துக்கொள்வோம். 2022ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து நடைமுறையில் உள்ள முறைப்படி, முதற்கட்டத்தின் 100 கேள்விகளில் 25 கேள்விகள் ஆங்கிலம். இரண்டாம் கட்டத்தில் கணக்குக்கும் தருக்கத்துக்கும் தலா 90 மதிப்பெண் என்றால், ஆங்கிலத்துக்கு மட்டும் 45 கேள்விகள், 135 மதிப்பெண். தகுதிக்காக மட்டும் வைத்திருக்கும் கணினிப் பகுதியைக் கழித்துவிட்டால், தரவரிசையைத் தீர்மானிக்கும் 390 மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஆங்கிலம்தான் என்றாகிறது. மறுபுறம், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் தமிழ்த் தகுதித் தேர்வு கட்டாயமான பிறகு, பொது ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்து எழுதும் வழி அதில் இல்லை. அந்தத் தேர்வுக்காகச் சில ஆண்டுகள் மூழ்கிக் கிடந்துவிட்டு மத்திய அரசுப் பணிக்கோ வங்கிப் பணிக்கோ திரும்புகிறவர்கள், ஆங்கிலத்தைப் பன்னிரண்டாம் வகுப்பில் விட்ட இடத்திலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பதற்றத்தில்தான் பட்டியல் கைக்கு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படிப்பட்ட சிலரோடு உட்கார்ந்து நான் ஆங்கிலம் படிக்கிறேன். அவர்களில் பலர் என்னைப் போலவே கிராமத்துப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்கள். 'நாம தமிழ் மீடியம்தானே அக்கா' என்று சொல்லும்போது அந்தக் குரலில் ஒரு தோல்வி முன்கூட்டியே உட்கார்ந்திருக்கும். அது எனக்குத் தாங்க முடியாத ஒன்று. தமிழை ஆழமாக அறிந்த ஒருவருக்கு ஆங்கிலச் சொல்வளம் கைகூடுவதற்குத் தமிழே பெரிய துணை என்பதைப் பல முறை கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் அந்தத் துணையை நாம் தவறான இடத்தில் கேட்கிறோம். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று பொருள் கேட்கிறோம்.

பழைய வினாத்தாள் ஒன்றில் 'ரான்சிட்' என்ற சொல் வந்தது. பட்டியலைப் புரட்டினோம். 'கெட்டுப்போன' என்று போட்டிருந்தது. வேறு பக்கங்களில் 'ஸ்டேல்', 'பியூட்ரிட்', 'ஆடில்ட்' ஆகிய சொற்களுக்கும் ஏறத்தாழ அதே பொருள்தான். நான்கு சொற்கள், ஒரே விடை. இதை மனப்பாடம் செய்தவர் தேர்வறையில் என்ன செய்ய முடியும்? பட்டியலை மூடிவிட்டு, நம் வீட்டுச் சமையலறையில் எது எப்படிக் கெடுகிறது என்று கேட்டேன். ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். சோறு ஊசிப்போகும். பால் திரிந்துபோகும். மாவு புளித்துப்போகும். அப்பளமும் முறுக்கும் நமத்துப்போகும். முட்டை கூமுட்டையாகும். பழைய தேங்காய் எண்ணெயில் சிக்கு வாடை அடிக்கும். 'எண்ணெய் ஊசிப்போச்சு' என்று எவரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவருக்குத் தமிழ் தாய்மொழி இல்லை என்று அடுப்படியில் நிற்கும் சிறுபிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். ஆங்கிலமும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. 'ரான்சிட்' என்பது எண்ணெய்க்கும் வெண்ணெய்க்கும் உரியது. 'ஸ்டேல்' ரொட்டிக்கு உரியது. அங்கிருந்து பழைய செய்திக்கும் பலமுறை கேட்டுச் சலித்த நகைச்சுவைக்கும் போகிறது. 'ஆடில்ட்' கூமுட்டைக்கு உரியது. குழம்பிப்போன மூளைக்கும் அதையே சொல்கிறார்கள். 'பியூட்ரிட்' அழுகி நாறும் இறைச்சிக்கு. பால் திரிவதற்கு 'கர்டில்' என்ற வினை உண்டு. அச்சத்தில் இரத்தம் உறைவதற்கும் அதே வினை வரும். அன்றைக்கு அந்த அறையில் இருந்த யாரும் இந்தச் சொற்களை மறுபடி மாற்றிச் சொன்னதில்லை.

இந்த ஒன்றைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஒரு சொல்லின் பொருளை அறிந்தால் பாதி அறிந்த மாதிரி. அது எந்தச் சொற்களோடு கூடி வாழ்கிறது என்பதை அறிந்தால்தான் மீதிப் பாதி. தேர்வு கேட்பதும் அந்த மீதிப் பாதியைத்தான். பத்தியில் விடுபட்ட இடங்களை நிரப்பும் கேள்வியில் கொடுக்கப்படும் நான்கு சொற்களுக்கும் தமிழில் ஒரே பொருள் எழுதிவிடலாம். 'அபேட்', 'மிட்டிகேட்', 'அல்லீவியேட்', 'அஸ்வேஜ்' ஆகிய நான்குக்கும் பட்டியல் 'தணித்தல்' என்றே சொல்லும். ஆனால் புயல் தானாகத் தணிவதற்கு 'அபேட்' வரும், 'மிட்டிகேட்' வராது. பாதிப்பையும் அபாயத்தையும் குறைப்பதற்கு 'மிட்டிகேட்'. வலியையும் வறுமையையும் குறைப்பதற்கு 'அல்லீவியேட்'. குற்றவுணர்ச்சியையும் அச்சத்தையும் ஆற்றுவதற்கு 'அஸ்வேஜ்'. இவற்றை விதியாகப் படிக்க முடியாது. வாக்கியத்தில் பலமுறை கண்டு பழகியவருக்கு, தவறான சொல்லைப் பொருத்திப் பார்த்த உடனேயே 'எண்ணெய் ஊசிப்போச்சு' என்பதைக் கேட்டதுபோல் காது உறுத்தும். அந்த உறுத்தலை உண்டாக்குவதுதான் சொல்வளப் பயிற்சி.

அதற்கு வாசிக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்து யாருக்கும் இல்லை. எதை வாசிப்பது என்பதில்தான் தடுமாற்றம். ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை வாசியுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தொலைதூர நாட்டின் வட்டி விகிதக் கொள்கையைப் பற்றிய தலையங்கத்தில் செய்தியும் புதிது, சொல்லும் புதிது, வாக்கிய அமைப்பும் புதிது. மூன்றும் சேர்ந்து அமுக்கும்போது நான்காம் நாள் நாளிதழ் பிரிக்கப்படாமலேயே கிடக்கும். ஆகவே நமக்கு நடந்ததைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டதை முதலில் வாசிக்கச் சொல்கிறேன். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியது. ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகள் நம் மேற்குக் கடற்கரை ஊர்களில் எத்தனையோ. அந்த நாட்களின் ஆங்கிலச் செய்திகளை இன்றும் இணையத்தில் எடுக்கலாம். படகு கவிழ்வதற்கு 'கேப்சைஸ்', கட்டறுந்து மிதப்பதற்கு 'அட்ரிஃப்ட்', உற்றாரை இழந்த குடும்பத்துக்கு 'பிரீவ்ட்', கண்டுகொள்ளாத அதிகாரத்தின் போக்குக்கு 'ஆபதி', கருணைத் தொகைக்கு 'எக்ஸ் கிரேஷியா' ஆகிய சொற்கள் எல்லாம் அவற்றில் வருகின்றன. நடந்தது என்ன என்பது வாசிப்பவருக்கு முன்னமே தெரியும். அதனால் சொல்லின் பொருளை அகராதி சொல்வதற்குள் நிகழ்ச்சியே சொல்லிவிடும். இதைக் கடற்கரைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது நான் தயங்கித்தான் சொல்கிறேன், ஏனென்றால் அது அவர்களுக்கு வாசிப்புப் பயிற்சி மட்டும் அன்று. ஆனாலும் அவர்கள்தாம் அதை முழுவதும் வாசித்துவிட்டு வருகிறார்கள்.

கடலோடு தொடர்புள்ள ஆங்கிலச் சொற்கள் தேர்வுகளில் நிறைய வருவதை நம் பிள்ளைகள் சாதகமாக்கிக்கொள்ளலாம். 'அன்ஃபேதமபிள்' என்ற சொல்லுக்குப் 'புரிந்துகொள்ள முடியாத' என்று பொருள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். அதன் வேரான 'ஃபேதம்' கடலின் ஆழத்தை அளக்கும் அளவு, 6 அடி. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் விரித்த இரு கைகளைக் குறித்தது. இதை நான் விளக்கத் தொடங்கியதுமே, குளச்சல் பக்கத்துப் பையன் ஒருவன் இடைமறித்தான். 'அக்கா, எங்க அப்பா கயித்த ரெண்டு கையையும் விரிச்சுப் பிடிச்சு ஒரு பாகம், ரெண்டு பாகம்னு அளப்பாரு. அதுதானா இது?' அதுவேதான். கையை விரித்துக் கயிற்றை அளந்து, அந்தக் கயிற்றை இறக்கி ஆழத்தை அளந்து, பிறகு ஆழம் காண்பதையே புரிந்துகொள்வதற்குச் சொல்லாக்கிக்கொண்டார்கள். நாமும் ஒருவரை 'ஆழம் பார்க்கிறோம்'. கயிறு எட்டாத ஆழம் 'அன்ஃபேதமபிள்'. அதேபோல் 'ஸ்ட்ராண்டட்' என்ற சொல்லின் உள்ளே கரையைக் குறிக்கும் 'ஸ்ட்ராண்ட்' இருக்கிறது. கரைதட்டி நின்றுவிட்ட கப்பலிலிருந்து, போக வழியின்றி மாட்டிக்கொண்ட மனிதருக்கு அது வந்தது. ஒட்டாமல் விலகி நிற்பதைச் சொல்லும் 'அலூஃப்' என்பதும், கரைப் பக்கம் ஒதுங்கிவிடாமல் கப்பலின் முகத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பும் மாலுமிகளின் கட்டளையிலிருந்து வந்ததுதான்.

சொற்களின் வேரைப் படிக்கும் முறைக்கு நம் ஊர்த் தேவாலயங்களும் உதவும். 'பாஸ்டர்' என்பது இலத்தீனில் மேய்ப்பர். ஆயரின் முன் கூடும் சபையைக் 'காங்கிரிகேஷன்' என்கிறோம்; அதனுள் இருக்கும் இலத்தீன் வேருக்கு மந்தை என்று பொருள். மேய்ப்பரும் மந்தையும் என்ற உருவகம் பிரசங்கங்களில் கேட்டுப் பழகியதுதான். அந்த வேரைப் பிடித்துக்கொண்டால், மந்தையாகக் கூடுவது 'காங்கிரிகேட்', மந்தையிலிருந்து பிரிப்பது 'செக்ரிகேட்', எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்ப்பது 'அக்ரிகேட்', கூட்டத்தோடு கலந்து பழக விரும்பும் இயல்பு 'கிரிகேரியஸ்' என்று ஒரு குடும்பமே கைக்கு வருகிறது. ஆனால் வேர் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. அதே குடும்பத்தின் 'எக்ரீஜியஸ்' ஒரு காலத்தில் மந்தையிலிருந்து தனித்துத் தெரியும் சிறப்பைக் குறித்தது. இன்று அது மிக மோசமான, அப்பட்டமான குற்றத்தையும் பிழையையுமே குறிக்கிறது. வேரை மட்டும் நம்பி விடை எழுதினால் இங்கே நேர் எதிரான பக்கத்தில் போய் நிற்போம். வேர் என்பது நினைவில் வைத்துக்கொள்ள ஒரு பிடி. பொருளை இன்றைய வாக்கியம்தான் தீர்மானிக்கும்.

ஒரே சொல் இரண்டு பொருளில் வருவது நம் பிள்ளைகளுக்குப் புதிதே அன்று. விளவங்கோட்டுப் பக்கம் 'குடிக்க கொஞ்சம் வெள்ளம் தா' என்பார்கள். அதே வீட்டில் மழைக்காலத்தில் 'ஆத்துல வெள்ளம் வந்துட்டு' என்றும் சொல்வார்கள். எந்தக் குழந்தையும் குழம்புவதில்லை, பக்கத்தில் இருக்கும் சொல் வழிகாட்டிவிடுகிறது. 'சாங்ஷன்' என்ற சொல்லை நாம் வங்கிக் கடனோடுதான் அறிவோம். கடன் சாங்ஷன் ஆனால் மகிழ்ச்சி. ஒரு நாட்டின் மீது சாங்ஷன் விதித்தார்கள் என்றால் அது தண்டனை, பொருளாதாரத் தடை. 'ஓவர்சைட்' என்பது ஒரு குழு செய்தால் மேற்பார்வை, ஓர் எழுத்தர் செய்தால் கவனக்குறைவு. இப்படிப்பட்ட சொற்களில்தான் தேர்வு வைப்பவர்களுக்கு மிகுந்த விருப்பம். பட்டியலோ ஒரு பொருளை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது.

அரைகுறையாகத் தெரிந்த சொல்லை என்ன செய்வது என்ற கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். சி.ஜி.எல். இரண்டாம் கட்டத்தில் சரியான விடைக்கு 3 மதிப்பெண், தவறுக்கு 1 மதிப்பெண் கழிவு. எதுவுமே தெரியாமல் நான்கு கேள்விகளில் கண்ணை மூடிக் குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தவறாகும். வந்த மூன்றும் போன மூன்றும் சரியாகிவிடும். ஆனால் ஒவ்வொன்றிலும் இரண்டு விடைகளை உறுதியாகத் தள்ள முடிந்தால், அதே நான்கு கேள்விகளில் சராசரியாக 4 மதிப்பெண் மிஞ்சும். தள்ளுவதற்குச் சொல்லின் முழுப் பொருள் தேவையில்லை; அது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்பது தெரிந்தால் பல இடங்களில் போதும். சிக்கனமும் கஞ்சத்தனமும் ஒன்று என்று தமிழில் யாரும் சொல்லமாட்டோம். 'ஃப்ரூகல்', 'த்ரிஃப்டி' இரண்டும் சிக்கனத்தின் பக்கம். 'ஸ்டிஞ்சி', 'மைசர்லி', 'பார்சிமோனியஸ்' மூன்றும் பிசுநாரித்தனத்தின் பக்கம். எதிர்ப்புறத்தில் வள்ளலும் ஊதாரியும் வேறுவேறானவர்கள்: 'ஜெனரஸ்' என்பவர் ஒருவர், 'ப்ராஃப்ளிகேட்' என்பவர் மற்றொருவர். புதிய சொல்லைக் குறிப்பேட்டில் எழுதும்போதே அது எந்தப் பக்கம் என்று ஒரு கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போட்டு வைக்கும் பழக்கம் இதற்காகத்தான்.

குறிப்பேட்டில் எந்தச் சொற்களை எழுதுவது? முதல் ஊற்று பழைய வினாத்தாள்கள். பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளில் பழைய சொற்களும் மரபுத்தொடர்களும் ஒரு தொடருக்கு ஒரு சொல் கேள்விகளும் மீண்டும் மீண்டும் வருகின்றன. எழுதிப் பார்த்த எல்லோருக்கும் இது தெரியும். ஒரு கேள்வியில் விடையாக வந்த சொல்லை மட்டும் எழுதினால் போதாது. உடன் இருந்த மற்ற மூன்று சொற்களும் அடுத்த ஆண்டின் விடைகளாக வரக்கூடியவை. இரண்டாம் ஊற்று வாசிப்பு. இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. அரிய சொற்களைத் துரத்துகிறவர்கள் நடுத்தரச் சொற்களைக் கோட்டைவிடுகிறார்கள். வங்காளத்தில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் 1953இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்றொகுதியில் ஏறத்தாழ 2000 சொற்கள் இருந்தன. நியூசிலாந்தின் அவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் கல்விசார் எழுத்துகளிலிருந்து 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். 'இம்ப்ளை', 'இன்ஃபர்', 'அட்ரிபியூட்', 'டெரைவ்', 'வேர்ஆஸ்', 'நெவர்தலெஸ்' போன்றவை இந்த இரண்டாம் தொகுதியில் உள்ளவை. வாசித்துப் புரிந்துகொள்ளும் பத்திகளில் ஆசிரியர் உடன்படுகிறாரா மறுக்கிறாரா என்பதைச் சொல்லும் சொற்கள் இவைதாம். எவரும் பயன்படுத்தாத சொல்லுக்குப் பொருள் சொல்லத் தெரிந்து, 'இம்ப்ளை' செய்பவர் எழுதியவர், 'இன்ஃபர்' செய்பவர் வாசித்தவர் என்ற வேறுபாடு தெரியாமல் தேர்வறைக்குப் போவது வருத்தமானது.

எழுதும் முறை எளிது. சொல்லை எழுதி, அதைக் கண்ட வாக்கியத்தை அப்படியே கீழே எழுதி, அதோடு சேர்ந்து வரும் இரண்டு மூன்று சொற்களைக் குறித்து, கடைசியாகத் தமிழ்ப் பொருளைத் தாளின் பின்புறத்தில் எழுத வேண்டும். பின்புறத்தில் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எதிரே தெரியும் பொருளைப் பார்த்துத் தலையாட்டுவதால் எதுவும் தங்காது. பாராமல் நினைவுகூர முயல்வதால்தான் தங்கும். கற்றதை மனம் எவ்வளவு விரைவாக இழக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் 1885லேயே தம்மையே சோதித்து அளந்து காட்டினார். படித்த முதல் சில மணி நேரத்திலும் நாட்களிலும் மறதி மிக வேகமானது, பிறகு வேகம் குறைகிறது. அதனால் இன்று எழுதிய சொல்லை நாளையும், அதன்பின் சில நாள் கழித்தும், அதன்பின் இரு வாரம் கழித்தும் பார்க்க வேண்டும். 1970களில் செபாஸ்டியன் லைட்னர் இதற்காக அட்டைப் பெட்டி முறையைப் பரவலாக்கினார். தெரிந்த சொல்லின் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், மறந்த சொல்லின் அட்டை முதல் பெட்டிக்கே திரும்பும். இன்று அதே வேலையை ஆங்கி என்ற இலவசச் செயலி ஆண்ட்ராய்டு கைபேசியில் செய்கிறது. எனக்கு அட்டைதான் பிடிக்கிறது. கையால் எழுதிய வாக்கியம் நினைவில் வரும்போது அதை எழுதிய இடமும் சேர்ந்து வருகிறது. ஆனால் மார்த்தாண்டத்திலிருந்து தினமும் பேருந்தில் வந்துபோகிறவர்களுக்குச் செயலியே வசதி என்பதை மறுக்கமாட்டேன். எப்படியாயினும், ஒருவர் தயாரித்த அட்டைத் தொகுப்பை மற்றவர் தரவிறக்கிப் பயன்படுத்துவதை நான் ஊக்குவிப்பதில்லை; அது ஸ்பைரல் போட்ட பட்டியல் கைபேசிக்குள் ஏறியதாகவே முடிகிறது.

ஒரே நாளில் ஆயிரம் சொற்கள் என்று தலைப்பிட்ட காணொளிகள் ஏராளமாக வருகின்றன. நாளொன்றுக்கு எட்டு அல்லது பத்துச் சொற்களை வாக்கியத்தோடு எழுதி, முந்தைய நாட்களின் அட்டைகளையும் விடாமல் பார்த்துவருகிறவர் ஓர் ஆண்டில் எட்டும் தொலைவை அவை எவையும் எட்டித் தருவதில்லை. அகரவரிசையில் அடுத்தடுத்து நிற்கும் சொற்களை ஒன்றாகப் படிப்பதையும் நிறுத்த வேண்டும். ஒரே போல் ஒலிப்பவையும் ஒரே போல் எழுதப்படுபவையும் ஒரே நாளில் மனத்துக்குள் போனால் ஒன்றையொன்று கலைத்துவிடும். 'அப்ஹார்' இன்றைக்கு என்றால் 'அப்ஜூர்' அடுத்த வாரம் வரட்டும்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது புதிய சொற்களை எழுதுவதை நிறுத்திவிடலாம். அதன்பின் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பலமுறை முதல் பெட்டிக்கே திரும்பிவந்த பிடிவாதமான அட்டைகள். இவற்றுக்குப் புதிய வாக்கியம் ஒன்றைத் தேடி எழுதினால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். இரண்டாவது, எழுத்துப்பிழை. சரியான எழுத்துக்கூட்டலைக் கண்டுபிடிக்கும் கேள்விகளுக்குப் பொருளறிவு உதவாது. இரட்டித்து வரும் மெய்யெழுத்துகளையும் ஒலிக்காமல் நிற்கும் எழுத்துகளையும் கையால் எழுதிப் பார்த்தால்தான் உண்டு. திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ தேர்வு எழுதப் புறப்படும் காலையில், பேருந்தில் புரட்ட அந்தப் பிடிவாதமான அட்டைகளை மட்டும் ஒரு ரப்பர் பேண்டு போட்டு எடுத்துக்கொண்டால் போதும். மற்றவை வீட்டிலேயே இருக்கட்டும்.